இரண்டாம் கையெழுத்து

அந்த வாரம் கட்டுப்பாட்டு அறையில் எல்லோர் வாயிலும் புரண்ட பெயர் ‘மாமா_கோவிச்சுக்கிட்டாரு’.

ஏழாம் நீரேற்று நிலையத்தில் ஒரு பம்புக்கு அந்தக் குணம் உண்டு. காரணமே இல்லாமல் நின்றுவிடும். மறுபடி ஓடவைக்க மூன்று முறை கூப்பிட வேண்டும். முதல் இரண்டு முறை அசையாது. மூன்றாவது முறை ஒன்றுமே நடக்காததுபோல் ஓடத் தொடங்கும். பம்புகளையெல்லாம் ஓட்டும் இயந்திரம் இதைக் கவனித்து, மூன்று முறை கூப்பிடும் வேலையைத் தானே செய்ய ஃபங்ஷன் என்கிற சின்ன நிரல்துண்டு ஒன்றை எழுதிக்கொண்டது. அதைப் படித்துப் பெயர் வைக்கும் வேலையிலிருந்த ஜொஹராவுக்கு, கல்யாண வீட்டில் பந்திக்கு வராமல் வாசலில் முறுக்கிக்கொண்டு நிற்கும் மாமாக்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். பெயர் வைத்துவிட்டாள். ஷிஃப்ட் பொறுப்பாளர் ரித்திக் மைக்கில் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அறையில் இருந்த பதினான்கு பேரும் சிரித்தார்கள்.

சம்யுக்தா சிரிக்கவில்லை. அந்தப் பெயருக்கு இரண்டாம் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். ஒரு முழு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து, ஜொஹரா எங்காவது தப்பு செய்திருக்கிறாளா என்று வரி வரியாகத் தேடினாள். கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

நாற்பத்தாறு வயதில் அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. வெளியே சொல்லக் கூச்சமான ஆசை. தான் வைத்த ஒரு பெயரையாவது அந்த அறை இப்படிச் சொல்ல வேண்டும்.

நகரத்தின் மழைநீர் முழுக்க அந்த மையத்தின் கையில் இருந்தது. அறுநூறு பம்புகள், முப்பத்தொரு வாயில்கள், கடல் ஏறினால் மூட வேண்டிய முகத்துவாரங்கள். எல்லாவற்றையும் ஓட்டியது இயந்திரம். தனக்கு வேண்டிய நிரலையும் அதுவே எழுதிக்கொண்டது. அந்த நிரலில் மனிதர்கள் செய்ய மிஞ்சியிருந்தது பெயர் வைக்கிற வேலை மட்டும்.

அந்த வியாழக்கிழமை ஒரு கல்லூரியிலிருந்து மாணவர்கள் சுற்றிப் பார்க்க வந்தார்கள். வழக்கம்போல் விளக்கம் சொல்லும் பொறுப்பு சம்யுக்தாவுக்கு.

“எதுக்கு மேடம் பேரு? மெஷினுக்கு நம்பர் போதாதா?” என்று கண்ணாடி போட்ட ஒரு பையன் கேட்டான்.

“மெஷினுக்கு அதுவே போதும். நிறுத்துன்னு சொல்ற மனுஷனுக்குத்தான் பேர் வேணும். ரெண்டாயிரத்து நாப்பத்தொன்பதாம் வருஷத்து வெள்ளத்துல ஒரு வாயில் திறந்தபடியே நின்னுடுச்சு. அதைத் திறந்து வச்சிருந்தது ஒரே ஒரு ஃபங்ஷன். நாப்பத்தோராயிரம் நம்பர்ல அது எதுன்னு கண்டுபிடிக்கப் பத்தொன்பது நிமிஷம் ஆச்சு. அதுக்கப்புறம்தான் இந்தச் சட்டம். மனுஷன் படிச்சுப் பேர் வைக்காத எதுவும் ஓடக் கூடாது.”

“சும்மா ஒரு பேரை வச்சுட்டா?”

“அதுக்குத்தான் ரெண்டாம் கையெழுத்து. ஒருத்தர் படிச்சுப் பேர் வைக்கணும். இன்னொருத்தர் படிச்சு, பேர் பொருந்துதான்னு பார்த்துக் கையெழுத்துப் போடணும்.”

பின்னால் நின்ற ஒரு பெண் கையைத் தூக்கினாள். “மேடம், ‘அடுத்த_பந்தி’ன்னு பேர் வச்சது நீங்கதானே?”

ஏரித் தண்ணீரைத் தவணை தவணையாகத் திறந்துவிடும் ஃபங்ஷன் அது. ஒரு பங்கு வடிந்து இடம் காலியான பிறகுதான் அடுத்த பங்கை விடும்.

“இல்லம்மா. அவங்க அந்த ஓரத்துல உட்கார்ந்திருக்காங்க.”

முப்பது பேரும் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். ஜொஹரா நாற்காலியைத் திருப்பி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, கதை சொல்ல ஆரம்பித்தாள். யாருமே படிக்காத ஒரு பதிவேட்டை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதிக்கொண்டிருந்த ஃபங்ஷனுக்கு ‘யாரு_கேட்டா’ என்று பெயர் வைத்தது. என்ன வேலை செய்கிறது என்று இயந்திரத்துக்கே சொல்லத் தெரியாத, ஆனால் நீக்கினால் நான்கு பம்புகள் நின்றுபோகும் ஒரு எண்ணுக்கு ‘எதுக்குன்னு_தெரியாது_தொடாதீங்க’ என்று வைத்தது. இடையிடையே சிரிப்பு எழும்பி அடங்கியது. சம்யுக்தா தன் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் அன்று காலை வைத்த பெயர் ‘வடிகால்_நான்கு_மட்டக்_கணக்கு_இருமுறை_சரிபார்ப்பு’.

பெயரிடுவது எப்படி என்று இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் கையேடு எழுதியவள் அவள். கடலோர நகரங்கள் ஆறு அதைப் பின்பற்றுகின்றன. ஒருவரும் அதைப் பற்றி அவளிடம் பேசியதில்லை.

வீட்டிலும் தப்பிக்க முடியவில்லை. காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே அவள் கணவன் ஹரிஷ் போனைக் காட்டினான்.

“உங்க ஆபீஸ்ல யாரோ வச்ச பேராம். பம்புக்கு, மாமா கோவிச்சுக்கிட்டாருன்னு. எங்க குரூப்ல எல்லாரும் போட்டுக்கிட்டிருக்காங்க. யாரு இது?”

“ஜொஹரா.”

“செம ஆளுப்பா. நீங்கள்லாம் ஆபீஸ்ல ஜாலியாதான் இருக்கீங்க.”

“சட்னி வேணுமா, வேண்டாமா?”

ஹரிஷ் போனைக் கவிழ்த்து வைத்தான்.

அவளும் ஜொஹராவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பதினோரு வருடம் பக்கத்து பக்கத்து மேஜை. ஜொஹராவின் பெயர்களில் இதுவரை ஒன்பது தப்புகளை சம்யுக்தா பிடித்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் சிவப்புக் குறிப்போடு திருப்பி அனுப்புவாள். ஒவ்வொரு முறையும் ஜொஹரா எட்டிப் பார்த்து, “அப்பாடா, நீ இருக்கே” என்பாள். அதில் கேலி இருக்கிறது என்றே சம்யுக்தா நினைத்தாள். ஒன்பது தேதிகளும் அவளுக்கு மனப்பாடம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அந்த ஃபங்ஷன் அவள் திரைக்கு வந்தது.

பனங்காட்டுக் கால்வாய் கடலில் சேரும் இடத்தில் ஏழு டன் எடையுள்ள ஓர் இரும்பு வாயில் இருக்கிறது. கடல் ஏறும்போது அதை இறக்க வேண்டும். இயந்திரம் அதற்குப் புது முறை ஒன்றை எழுதியிருந்தது. வாயில் ஒரு சாண் இறங்கும், நிற்கும், தண்ணீரைப் பார்க்கும். மறுபடி ஒரு சாண் இறங்கும், நிற்கும். முழுக்க மூட ஒன்றரை மணி நேரம்.

படித்துக்கொண்டிருக்கும்போதே அது வந்துவிட்டது. தேடாமல், தானாக. பூ அலங்காரம் செய்த கார் ஒன்று நாதஸ்வரத்துக்குப் பின்னால் பத்தடி நகர்ந்து, நின்று, பட்டாசு வெடித்து முடியக் காத்திருந்து, மறுபடி பத்தடி நகரும் காட்சி. அவளுக்கே சிரிப்பு வந்தது. தனியாகச் சிரித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தாள்.

‘மாப்பிள்ளை_அழைப்பு’.

கடைசிப் பத்தி வரைக்கும் படித்தாள். அவள் எதையும் பாதியில் விட்டவள் இல்லை. கடைசிப் பத்தியில் ஒரு நிபந்தனை இருந்தது. மேல்பகுதி ஏரிகளிலிருந்து வரும் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் இரண்டு மீட்டருக்கு மேல் ஏறினால், படிப்படியாக இறக்குவதை விட்டுவிட்டு வாயிலை ஒரே வீச்சில் போட்டுவிட வேண்டும். பெருகி வரும் தண்ணீரைப் பக்கத்து அகலக் கால்வாய்க்குத் திருப்புவதற்காக.

அவளுடைய கையேட்டின் மூன்றாம் விதி: ஒரு ஃபங்ஷன் செய்யக்கூடிய மிக மோசமான காரியம் அதன் பெயரில் தெரிய வேண்டும்.

‘படிப்படி_இறக்கம்_அவசரத்தில்_ஒரே_வீழ்ச்சி’ என்று தட்டினாள். பார்த்தாள். அதை யாரும் யாருக்கும் சொல்லிச் சிரிக்கப் போவதில்லை. எந்தக் குரூப்பிலும் யாரும் போடப் போவதில்லை. மேல்பகுதி ஏரிகளின் பழைய கணக்கை எடுத்துப் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் இரண்டு மீட்டர் என்பது ஆறு வருடத்தில் ஒரு முறைகூட நடந்ததில்லை. பெயருக்குக் கீழே வரும் குறிப்பில், எட்டாவது வரியில், நிபந்தனையை எழுதினாள். பெயரை அழித்து, ‘மாப்பிள்ளை_அழைப்பு’ என்று தட்டி, ஜொஹராவுக்கு அனுப்பிவைத்தாள்.

டீ வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் இரண்டாம் கையெழுத்து வந்திருந்தது. கூடவே ஜொஹராவும் வந்து நின்றாள்.

“சம்யு, நிஜமாவே நீயா? இத்தனை வருஷமா இதையெல்லாம் எங்கடி ஒளிச்சு வச்சிருந்தே?”

“சும்மா தோணுச்சு.”

“சும்மாவா? நான் மாமாவோட நின்னுட்டேன், நீ மாப்பிள்ளையையே கூட்டிட்டு வந்துட்டே.” அவள் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு, கட்டுப்பாட்டு அறை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். “ரித்திக் சார், இனிமே எனக்கு வேலை இல்ல. இவங்களைப் பாருங்க.”

பதினோரு நாள் அந்தச் சந்தோஷம் இருந்தது. கேன்டீன் பலகையில் வாரத்தின் பெயராக அது எழுதப்பட்டது. ரித்திக் மைக்கில் சொல்லும்போது வாயாலேயே ஒரு மேளச் சத்தத்தையும் சேர்த்துக்கொண்டார். மறுநாள் இட்லியோடு ஹரிஷ், “அந்த ஜொஹரா இன்னொண்ணு வச்சிருக்காங்க போல” என்று ஆரம்பித்தபோது, “அது நான்” என்று சொல்ல அவளுக்கு வாய்த்தது. அவன் மெல்லுவதை நிறுத்தி அவளைப் பார்த்தான். தினமும் வேலையே இல்லாமல் அவள் கட்டுப்பாட்டு அறைக்குள் ஒரு நடை போய் வந்தாள். யாராவது சொல்கிறார்களா என்று கேட்பதற்காக.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கும் அப்படித்தான் போனாள். கையில் டீ. நகரத்தில் நல்ல வெயில். பனங்காட்டு வாயிலின் அடியில் ஒரு மரக்கட்டை சிக்கியிருந்தது. பராமரிப்புப் பிரிவின் எபினேசர் அதை எடுக்கக் கால்வாய்க்குள் இறங்க வேண்டும். அவன் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

“சார், கேட்டு பாதி இறங்கி நிக்குது. கீழ விழாம இருக்கப் பூட்டுக் கம்பி போட்டுட்டு இறங்கட்டுமா?”

ரித்திக் மைக்கை இழுத்து இயந்திரத்திடம் கேட்டார். “பனங்காட்டுல என்ன ஓடுது?”

“மாப்பிள்ளை_அழைப்பு,” என்றது இயந்திரம்.

அறையில் சிரிப்பு. சம்யுக்தாவும் சிரித்தாள்.

“எபி, மாப்பிள்ளை அழைப்புதான்டா ஓடுது. கார் இன்னும் தெருமுனைகூடத் தாண்டல. கம்பி போடவே இருபது நிமிஷம் ஆகும், விடு. நிதானமா கட்டையை எடுத்துட்டு வா.”

“சாப்பாடு உண்டா சார்?”

“நீ முதல்ல மேல ஏறி வா, போடச் சொல்றேன்.”

சம்யுக்தா டீயை வாயருகே கொண்டுபோனாள். எதிரே சுவர்த் திரையில் மேல்பகுதி ஏரிகளின் எண்கள் ஒரு பத்தியாக ஓடிக்கொண்டிருந்தன. நாற்பது கிலோமீட்டர் தள்ளி எங்கோ மேகம் வெடித்திருந்தது. ஒன்று புள்ளி ஏழு. ஒன்று புள்ளி ஒன்பது. அவள் “ரித்திக்” என்று மட்டும்தான் சொன்னாள். சார் என்றுகூடச் சேர்க்கவில்லை.

ஒலிபெருக்கியில் இரும்பு விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எபினேசரின் சத்தம்.

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான்காம் நாள் பகலில் அவள் மருத்துவமனைக்குப் போனாள். எபினேசரின் மனைவி ஷைனி, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“உட்காருங்க மேடம். ஆபீஸ்ல இருந்து எல்லாரும் வந்துட்டுப் போனாங்க. நீங்க எந்த செக்‌ஷன்?”

“பேர் வைக்கிற செக்‌ஷன்.”

ஷைனிக்கு அது என்னவென்று புரியவில்லை. எபினேசருக்குத் தெரிந்திருந்தது. தலையணையில் முகத்தை அவள் பக்கம் திருப்பினான்.

“பேரு நல்லாத்தான் இருந்துச்சு மேடம். வீட்ல கூடச் சொன்னேன். இவ சிரிச்சா.”

ஷைனி அவன் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து, பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சம்யுக்தா இருந்தவரைக்கும் அவள் திரும்பி வரவில்லை.

விசாரணை அடுத்த வாரம் நடந்தது. விசாரணை அதிகாரி ஆதவன் வெளியூர்க்காரர், குரலை உயர்த்தாத மனிதர். சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தார்.

“மேடம், உங்க கையேட்டை நான் படிச்சிருக்கேன். இதுவரைக்கும் நீங்க வச்ச மூவாயிரத்துச் சொச்சம் பேரையும் பார்த்தேன். ஒண்ணு கூட விளையாட்டுப் பேர் இல்ல. இந்த விளையாட்டை இங்க கொண்டுவந்தது ஜொஹரா மேடம்தானே? கேன்டீன்ல பலகை வச்சு, வாராவாரம் எழுதி... ஒருத்தருக்கு அந்த அழுத்தம் வர்றது சகஜம். அப்படித்தான் நடந்துச்சுன்னு நான் எழுதிக்கலாமா?”

ஜொஹரா மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆமாம் என்று ஒரு சொல் போதும். கேன்டீன் பலகை இறங்கிவிடும், அந்த மேஜையைச் சுற்றி இனி யாரும் கூட மாட்டார்கள். பதினோரு வருடமாக சம்யுக்தா கேட்டதை யாரோ தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி இருந்தது. தான் கை நீட்டிவிடுவோம் என்று அவளுக்கே தோன்றியது.

“கடைசிப் பத்தியை நான் படிச்சேன் சார்,” என்றாள். “படிக்காம வைக்கல. சரியான பேரைத் தட்டிட்டு, அழிச்சேன். அது என்ன பேருன்னும் சொல்றேன், எழுதிக்கோங்க. அவங்க யாரும் என்னை அழுத்தல.”

ஆதவன் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, ரித்திக்கைப் பார்த்தார்.

“பேருக்குக் கீழே குறிப்பு இருக்கு. எட்டாவது வரியில தெளிவாவே இருக்கு. ஆளை இறக்கறதுக்கு முன்னாடி ஏன் திறந்து பார்க்கல?”

ரித்திக் எழுந்து நின்றே பதில் சொன்னார். “பார்ப்போம் சார். ஜொஹரா மேடம் பேர்னா கண்டிப்பாத் திறந்து பார்ப்போம். சிரிச்சுட்டு, திறந்து, குறிப்பு பூரா படிச்சுட்டுத்தான் ஆளை அனுப்புவோம். தமாஷான பேராச்சே, உள்ள என்ன இருக்கோன்னு ஒரு பயம்.”

“இதுக்கு அந்த பயம் வரலையா?”

“கீழ சம்யுக்தா மேடம் பேர் இருந்துச்சு சார்.” அவர் அவள் பக்கம் பார்க்காமல் சொன்னார். “அவங்க பேர் இருந்தா நாங்க யாரும் திறக்க மாட்டோம். மூணு ஷிஃப்ட்டுலயும் அதுதான் வழக்கம். புதுசா வர்றவங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறது. மழை நாள்ல திறந்து படிக்கவெல்லாம் நேரம் இருக்காது. அவங்க எழுதியிருந்தா அது அவ்வளவுதான், அதுக்கு மேல ஒண்ணும் இருக்காது.”

சம்யுக்தா மேஜையின் விளிம்பைப் பார்த்தாள். இப்படி ஒரு வழக்கம் இருப்பதை இதுவரை அவளிடம் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

ஆதவன் ஒரு தாளைப் புரட்டினார். “ஜொஹரா மேடம். ரெண்டாம் கையெழுத்து உங்களோடது. ஒவ்வொரு ஃபங்ஷனும் எவ்வளவு நேரம் திறந்திருந்ததுன்னு மெஷின் குறிச்சு வைக்குது, தெரியும்தானே? இது உங்க திரையில நாலு செகண்டு திறந்திருந்துச்சு.”

“தெரியும் சார்.”

“நாலு செகண்டுல படிச்சீங்களா?”

“பேரை மட்டும் படிச்சேன்.”

“இதை மட்டும் இப்படியா?”

ஜொஹரா கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல அல்ல, எப்படிச் சொல்வது என்று. “அவ பேர் வச்ச எதையுமே நான் படிக்கிறதில்ல சார். பத்து வருஷமா. முதல் வருஷம் படிச்சுப் பார்த்தேன், ஒரு புள்ளி கூடத் தப்பு இல்ல. அப்புறம் விட்டுட்டேன். நான் வச்சதை அவ ஒரு வரி விடாம படிப்பா. அவ படிப்பாங்கற தைரியத்துலதான் நான் இஷ்டத்துக்குப் பேர் வச்சேன். அவளை யாரு படிக்கிறதுன்னு நான் நினைச்சுப் பார்க்கல.”

ஆதவன் அதையும் எழுதிக்கொண்டார். 

அவருடைய அறிக்கையில் பெயர்களின் பாணி பற்றி ஒரு வரிகூட இல்லை. ரித்திக்கைக் கிடங்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். கையெழுத்துப் போட்ட இருவருக்கும் மூன்று மாதம் பணி இடைநீக்கம். அதற்கு மேல் நீட்டிக்க வழியில்லை. இயந்திரம் எழுதுவதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நகரத்தில் அவ்வளவு பேர் இல்லை.

திரும்பி வந்த முதல் நாள் இருவரும் அதே மேஜைகளில் உட்கார்ந்தார்கள். கேன்டீன் பலகையில் அன்றைய சாப்பாடு மட்டும் எழுதியிருந்தது. புது ஷிஃப்ட் பொறுப்பாளர் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். அறிமுகம் செய்துகொள்ள வந்தவள் சம்யுக்தாவிடம் மரியாதையாகச் சொன்னாள். “மேடம், எல்லாக் குறிப்பையும் திறந்து பார்த்துட்டுத்தான் இப்ப ஆளை இறக்கறோம். யாரு வச்ச பேரா இருந்தாலும்.”

“அதுதான் சரி,” என்றாள் சம்யுக்தா.

அன்று அவளுக்கு வந்தது மிகச் சின்ன ஃபங்ஷன். பன்னிரண்டே வரி. சுரங்கப்பாதை ஒன்றில் தண்ணீர் கணுக்காலுக்கு ஏறினால் சிவப்பு விளக்கைப் போட்டு, வடிந்ததும் அணைக்க வேண்டும். வேறு ஒன்றும் இல்லை. இரண்டு முறை படித்தாள். ‘சுரங்கப்பாதை_ஒன்பது_எச்சரிக்கை_விளக்கு’ என்று பெயர் வைத்து ஜொஹராவுக்கு அனுப்பினாள்.

கையெழுத்து வரவில்லை. டீ குடித்துவிட்டு வந்தாள். வரவில்லை. பக்கத்து மேஜையில் ஜொஹரா திரையை ஒட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். கடைசி வரிக்குப் போனாள். மறுபடி முதல் வரிக்கு வந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்துபோன பிறகு அது வந்தது. தப்பு எதுவும் இல்லை, சிவப்புக் குறிப்பும் இல்லை. கையெழுத்துக்குக் கீழே, ஃபங்ஷன் திறந்திருந்த நேரத்தை இயந்திரம் குறித்திருந்தது. ஒரு மணி நேரம், பதினாறு நிமிடம்.

சம்யுக்தா திரும்பிப் பார்த்தாள். ஜொஹரா கண்ணைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் அடுத்த ஃபங்ஷனைத் திறந்துகொண்டிருந்தாள்.